நெகட்டிவைத் தொலைத்தோம்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்குப் புகைப்படம் வெறும் அலங்காரப் பொருளன்று. தாத்தா பாட்டியை ஆண்டுக்கொருமுறை மட்டுமே காணும் குழந்தைகளுக்கு, மற்ற நாட்களில் சுவரில் தொங்கும் படமே தாத்தாவும் பாட்டியும். இதனை நாங்கள் ஒரு நஷ்டத்தின் வாயிலாகவே உணர்ந்தோம்.

2019-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு எங்கள் தகப்பனார் திருநெல்வேலியிலிருந்து கரக்பூர் வந்திருந்தார். ரயில்வே குடியிருப்பின் வேப்பமரத்தடியில் பேரனை மடியில் இருத்தி அமர்ந்திருந்தவரை, பிறர் கைமாறி வந்த எங்கள் நிக்கான் காமிராவில் படமெடுத்தோம். காமிரா ஒவ்வொரு படத்தையும் இரு வகையாய்ப் பதிந்தது: ஒன்று ஜேபெக், மற்றொன்று என்.இ.எஃப். என்னும் ரா பைல். ரா ஒவ்வொன்றும் சுமார் 25 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்யூட்டரிலும் எளிதில் திறக்கவில்லை. இரண்டும் ஒரே படந்தானே என்றெண்ணி, ரா பைல்கள் அனைத்தையும் அழித்துவிட்டோம்.

2021-இல் தகப்பனார் காலமானார். படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட முனைந்தபோதுதான், அவர் முகம் மர நிழலில் இருண்டு கிடப்பது கண்ணிற் பட்டது. வெளிச்சத்தைக் கூட்டினோம்; திட்டுத்திட்டாய்க் கறை தோன்றிற்றேயன்றி முகம் தெளியவில்லை.

காரணத்தைப் பின்னரே கற்றோம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே வைத்துக்கொள்ளும். மீதியைக் காமிரா பதியும்போதே கழித்துவிடும். 14 பிட் ரா பைலிலோ 16,384 படிகள். அந்நாள் ஸ்டூடியோக்காரர் எண்ணிட்டுப் பாதுகாத்த நெகட்டிவைப் போன்றது ரா. ஜேபெக் அதிலிருந்து போட்ட பிரதி. நாங்கள் பிரதியை வைத்துக்கொண்டு நெகட்டிவை எறிந்தவர்கள்.

இப்போது ஒரு முறையைக் கைக்கொண்டிருக்கிறோம். கார்டிலுள்ள படங்களை, தேதியும் நிகழ்ச்சியும் பெயராயிட்ட போல்டரில் இறக்குகிறோம். தனி ஹார்டு டிஸ்கில் இரண்டாம் பிரதி ஏறும்வரை கார்டை அழிப்பதில்லை. பிறகே கண் மூடியவற்றையும் அசைந்தவற்றையும் கழிக்கிறோம். திருத்துவதற்கு டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது ராவை மாற்றுவதில்லை. செய்த திருத்தங்களை எக்ஸ்.எம்.பி. என்னும் சிறு பைலில் எழுதி அருகே வைக்கிறது. நாங்கள் பார்சல் ஆபீஸில் காணும் பார்சலுக்கு வே-பில் எப்படியோ, ராவுக்கு எக்ஸ்.எம்.பி. அப்படி. இரண்டையும் பிரித்து வேறிடத்துக்கு மாற்றினால் படம் போய்ச் சேரும். பட்ட பாடு போய்ச் சேராது. உறவினருக்கு அனுப்புவதற்கென்று மட்டும் புதிதாய் ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் கூற வேண்டும். நிக்கானுக்கு என்.இ.எஃப்., கேனனின் புதிய காமிராக்களுக்கு சி.ஆர்.3, சோனிக்கு ஏ.ஆர்.டபிள்யூ. எனக் கம்பெனிக்கொரு வகை உண்டு. 2004-இல் அடோபி வெளியிட்ட டி.என்.ஜி. என்னும் பொதுவகையும் உண்டு. புதிய காமிராவின் ராவைப் பழைய மென்பொருள் அறியாது. திறக்கவில்லையென்று பைலை அழிக்கலாகாது. மென்பொருளையே புதுப்பிக்க வேண்டும்.

சென்ற பொங்கலுக்குத் தாயார் வந்திருந்தார். அதே வேப்பமரம், அதே நிழல். ராவைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டியபோது, அவர் மூக்குத்தியின் கல்கூடத் துலங்கிற்று. அருகிலிருந்து பார்த்த தாயார், "உங்கப்பா படத்தையும் இப்படித் தெளிவாக்கித் தாப்பா" என்றார். மறுமொழி கூற எங்களுக்கு நா எழவில்லை.

அடுத்த பண்டிகைக்குப் படமெடுக்கும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.