பொலோஞாவில் பசியாற

இத்தாலிக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லாரும் பீட்சாவைப் பற்றித்தான் பேசினார்கள். பாட்டி மட்டும், "அங்க மாடுதானே சாப்பிடுவாங்க, நீ என்னம்மா செய்வ?" என்று கேட்டார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐந்து மாதம் பொலோஞாவில் படித்தபோது, நான் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அந்தக் கேள்வியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

1088-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அங்கு இருப்பதால் ஊருக்குப் 'படித்தவள்' என்று பட்டப்பெயர். 'கொழுத்தவள்' என்றும் ஒன்று உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் பட்டது.

நாம் இங்கே விரும்பிச் சாப்பிடும் 'ஸ்பகெத்தி பொலோக்னீஸ்' பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 'ராகூ' என்ற இறைச்சிக் குழம்பை அவர்கள் தாலியத்தெல்லே என்னும் பட்டையான முட்டை பாஸ்தாவோடுதான் சாப்பிடுவார்கள். அது வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் அவ்வூர் வர்த்தகச் சங்கத்தில் பதிவே செய்துவிட்டார்கள்! ராகூவின் செய்முறை 1982-இல் பதிவானது. அதில் மாட்டிறைச்சி உண்டு. ஆக, ஊரின் தலையாய உணவு எனக்கு இல்லை.

அதற்காக நான் பட்டினி கிடக்கவில்லை. ரிக்கோத்தா பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மடித்து, வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டித் தரும் தோர்தெல்லோனி ஒன்றே போதும். மொர்த்தாதெல்லா முழுக்கப் பன்றி இறைச்சி. (என் முஸ்லிம் தோழி இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.) மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிய குவாத்ரிலாத்தெரோ சந்துகளில் அதை மெல்லியதாகச் சீவி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ரொட்டியும் வாங்கிக்கொண்டு பக்கத்திலுள்ள 'ஒஸ்தெரியா தெல் சோலே'க்குப் போனால், 1465 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கடையில் குடிக்க மட்டும்தான் கிடைக்கும். சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும். உடன் தங்கியிருந்த இத்தாலியத் தோழி பிஞொலெத்தோ என்ற உள்ளூர் வெள்ளை வைனைக் குடிப்பாள். பேராசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே நீள மேசையில் இடித்துக்கொண்டு உட்காரும் அந்த இடம்தான் எனக்கு ஊரிலேயே மிகப் பிடித்தது.

மாணவர் பைக்கு ஏற்றபடி இரண்டு செய்திகள். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். பல கடைகளில் உட்கார்ந்தால் விலை கூடும். உணவகப் பற்றுச்சீட்டில் 'கொப்பெர்தோ' என்றிருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று பதறாதீர்கள்; அது ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்கு வாங்கும் கட்டணம்.

மாடு சாப்பிடாதவர்கள் 'மான்ட்ஸோ' என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. 'வித்தெல்லோ' என்றால் கன்று. தோர்தெல்லீனிக்குள் பன்றி இறைச்சிதான் என்றாலும், அது மிதக்கும் சூப்பை மாட்டெலும்பில் காய்ச்சியிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும். நானும் முதல் மாதம் முழுவதும் தோழியைத்தான் கேட்கச் சொன்னேன். பிறகு நானே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கடைக்காரம்மா மட்டும், உடம்புக்கு ஆகாதா என்று கவலையாக விசாரித்தார்.

கிறிஸ்துமஸ் அன்று தோர்தெல்லீனி சூப் இல்லாத வீடு அங்கே அரிது. தோழியின் வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து, சட்டியில் சேவல் மட்டும்தான் என்று மெதுவாக இரண்டு முறை சொன்னார். நான் மூன்று கிண்ணம் குடித்தேன்.