வீணையும் கீமோவும்: சில குறிப்புகள்

அக்காவின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாகப் போய்வந்த நாட்களில் நோட்டில் எழுதி வைத்தவை. அதே வழியில் போகும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும்.

*

டே கேர் வார்டில் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கையிலம்மா போடட்டும்?" அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இன்னொரு கையில் மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் விட்டு, முன்கையில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். ட்ரிப்ஸ் ஏறும் மணிக்கணக்கில் விரல்களுக்கு வேலை இருக்கும்; வரையலாம், குரோஷே பின்னலாம். சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறும்போது மட்டும் கை அசையாமல் இருக்கட்டும். அது ரத்தநாளத்தைவிட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும்.

*

பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறத் தொடங்கிய பிறகு அக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. வீணையில் மெட்டுகளின் மேல் ஓடுபவை இடது கைச் சுட்டுவிரலும் நடுவிரலும். கமகத்துக்குத் தந்தியை இழுத்தால், எவ்வளவு இழுத்தோம் என்பது விரலுக்கே தெரியவில்லை என்றாள். காதை நம்பி, காலப்பிரமாணத்தைக் குறைத்து, வர்ணங்களை விட்டுவிட்டு ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசைக்குத் திரும்பினாள். வாசிப்பை நிறுத்தவில்லை.

டாக்டர் கேட்டது: "ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியுதா?" மரப்பு கூடிக்கொண்டே போனால் மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு. 'கீமோன்னா அப்படித்தான்' என்று வாய்மூடி இருக்கக் கூடாது.

*

பக்கத்துப் படுக்கையில் ஒரு தவில் வித்வான். தொண்டையில் புற்று. கரன்ட் வைப்பதோடு (கதிர்வீச்சு) சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும். பேச முடியாத நாட்களில் தொடையில் விரலால் தட்டி, தீர்மானம் என்ற முடிப்புக் கோர்வையை மூன்று முறை வைத்து முடிப்பார். கடைசித் தட்டு தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழுந்ததும் முகம் மலரும்.

அவர் குடும்பத்துக்கு நான் சொன்னது ஒன்றுதான். சிஸ்பிளாட்டின் காதைத் தொடக்கூடியது. முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. இசைக்காரர்கள் முதல் டோஸுக்கு முன்பே காது கேட்கும் திறனைச் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றே சொல்ல வேண்டும்.

*

மனசுக்குப் பிடித்த பாட்டை வார்டில் போடாதீர்கள். கீமோவில் குமட்டிய நாளில் சாப்பிட்ட பண்டம் பிறகு வாசனைக்கே ஆகாமல் போவது பல நோயாளிகளுக்குத் தெரியும். பாட்டுக்கும் அந்தக் கதி வரலாம். அக்கா தனக்குப் பிடித்த தோடி ராகத்தை வீட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டாள். வார்டில் இளையராஜாவின் பின்னணி இசை மட்டும், மெல்லிய ஒலியில்.

*

ஓவியர் ஆன்றி மத்தீஸுக்கு 1941இல், 71 வயதில், வயிற்றுப் புற்றுக்காகப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் பெரும்பாலும் படுக்கை, சக்கர நாற்காலி. ஈசல் முன் நெடுநேரம் நின்று வரைய முடியாத நிலையில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதங்களை வெட்டி, தாம் சொன்ன இடத்தில் அவர்களைக் கொண்டு சுவரில் குத்த வைத்தார். 1947இல் 'ஜாஸ்' என்ற புத்தகம் அப்படித்தான் வந்தது. 1954இல் இறக்கும்வரை வேலை ஓயவில்லை. கலையை விடாமல் கருவியை மாற்றிக்கொண்டார். நம் வீட்டு நோயாளிக்கும் அதுதான் வழி. மெல்லிய ஊசி கஷ்டமென்றால் தடித்த குரோஷே ஊசி. வாய்ப்புண்ணால் பாட முடியாவிட்டால் தாளம்.

*

தோட்டம் உள்ளவர்கள் கவனிக்க: வெள்ளை அணுக்களின் கவுண்ட் பொதுவாக ஒவ்வொரு முறை கீமோ ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். மண்ணிலும் மக்கிய உரத்திலும் இருக்கும் பூஞ்சை அப்போது நுரையீரலைத் தாக்கலாம். அந்த நாட்களில் மண்ணைக் கிளறுவதை வேறு யாராவது செய்யட்டும். பிளேட்லெட் குறைந்திருந்தால் தையல் ஊசிக்கும் லீவு.

*

"இந்த நேரத்துல பாட்டு ஒரு கேடா?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது புற்றுநோயாளிகளுக்கு இசை தரும் பயன் பற்றி 2021இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. 81 ஆய்வுகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரியவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, வலி, அசதி ஆகியவற்றைக் குறைக்க இசை உதவக்கூடும் என்பது முடிவு. கட்டியை இசை கரைக்காது. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். நோயாளி சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள அது துணை நிற்கும். அதுவே பெரிய காரியம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "சும்மா படுத்திருக்கியே, கொஞ்சம் வாசியேன்" என்று நச்சரிப்பதும் கொடுமைதான். கீமோவுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா வீணையின் உறையைக்கூடப் பிரிக்க மாட்டாள். நாங்களும் கேட்க மாட்டோம்.

*

சிகிச்சை தொடங்குமுன் சர்க்கரை உண்டா, பிபி உண்டா என்று டாக்டர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: நான் வீணை வாசிப்பவள், நான் தையல்காரர், எனக்குத் தோட்டம் உண்டு, நான் கோயிலில் தேவாரம் பாடுபவன். மருந்தை மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் விரலையா, காதையா, தொண்டையையா, எதை விழிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது டாக்டருக்கும் உங்களுக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும்.