இரண்டு வெட்டு, ஒரு அறுவடை

நாசிக் ஒயின் திராட்சைக்கு ஆண்டில் இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் முதல் வெட்டு, செப்டம்பர்–அக்டோபரில் இரண்டாவது. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் வெட்டில் குலை விட்டால் அது மழையில்தான் பழுக்கும்; மழையில் பழுக்கும் குலையை அடிச்சாம்பல் நோயும் அழுகலும் விட்டுவைப்பதில்லை. அதனால் ஏப்ரல் வெட்டு பழம் தாங்கும் கொம்புக்கு, அக்டோபர் வெட்டு பழத்துக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு முறை காய்த்துவிடும். ஒயின் ரகங்களுக்கு அந்தத் தாராளம் இல்லை.

இந்திய ஒயின் வரலாறு முதலாளிகளின் பெயர்களாலேயே சொல்லப்படுகிறது: 1980களில் நாராயண்காவ் நுரை ஒயின், பிறகு நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனம், 2000ஐ ஒட்டி சூலா நிறுவனம், 2001இல் மகாராஷ்டிர அரசின் ஒயின் கொள்கை. செனின் பிளாங்க், ஷிராஸ் என்று ரகங்களுக்கும் அதில் இடம் உண்டு. கத்தரி பிடித்தவருக்கு இல்லை. வெப்ப நாட்டில் நல்ல ஒயின் வராது என்று ருசி பார்க்க வருவோர் சொல்லிப் போகும் தீர்ப்பும் இந்தக் கவாத்தை அறியாததால் வருவதுதான்.

பிரான்சில் கொடியை உறங்க வைப்பது குளிர். நாசிக்கில் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. வெட்டாவிட்டால் கொடி ஆண்டு முழுவதும் இலை விட்டுக்கொண்டே போகும். ஏப்ரல் வெட்டுக்குப் பின் துளிர்க்கும் கொம்பில், முதல் இரண்டு மாதங்களுக்குள், ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் உள்ள கண்ணுக்குள் அடுத்த பருவத்துக் குலை கருக்கொள்கிறது. அப்போது வெயில் கண்ணில் பட வேண்டும். இலை அடர்ந்தாலோ, தழைச்சத்தும் தண்ணீரும் மிஞ்சினாலோ குலைக்குப் பதில் பற்றுக்கம்பிதான் மிஞ்சும். அக்டோபரில் குலை வரவில்லை என்று புலம்புபவர் மே மாதத்திலேயே அதை இழந்திருப்பார்.

அக்டோபரில் எந்தக் கண்ணில் வெட்டுவது என்பதே இத்தொழிலின் கடினம். கொம்பை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கண்ணைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். தேர்ந்த கைக்குக் கொம்பே சொல்லிவிடும்: பழுப்பேறி, உருண்டு, கணுக்கள் நெருங்கி, குறுக்கே வெட்டினால் உள்சோறும் பழுப்பாக இருப்பது நல்ல கொம்பு. தட்டையாகப் பருத்துப் பச்சை மாறாதது வெறுங்கொம்பு.

வெட்டியபின் நுனிக்கண் மட்டும் முந்திக்கொண்டு முளைக்கும். எல்லாக் கண்களும் ஒன்றாக எழ, ஓரிரு நாளுக்குள் ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைத் துணியில் நனைத்துக் கண்தோறும் தடவுவது வழக்கம். தடவியவர் அதன்பின் சில நாள் மதுவைத் தொடக் கூடாது. தொட்டால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். ஒயினுக்காக உழைப்பவருக்கே மதுவிலக்கு! குளிர் கூடினால் கரைசலின் அடர்த்தியைக் கூட்டுவதும், வெப்பம் இருந்தால் குறைப்பதும் முறை. இப்போது பலர் ஒரே அளவில் கலந்து தெளிப்பானால் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண் கருகினால் பழி கொடிக்கு.

அடுத்த கெடுதல் சாப்பாட்டுத் திராட்சைப் பழக்கம். தாம்சன் விதையில்லா ரகத்தில் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து, நீர் பாய்ச்சி, மணியைப் பெருக்கியவர்கள் ஒயின் தோட்டத்திலும் அதையே செய்கிறார்கள். ஒயினுக்கு வேண்டியது சிறு மணி, தடித்த தோல், விதை. மணி ஊதினால் சாறு கூடும். நிறமும் மணமும் நீர்த்துவிடும்.

மார்ச் வெயிலில் பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) ஏறும் வேகத்தைவிட மாலிக் அமிலம் கரையும் வேகம் அதிகம். அமிலம் குறைந்து பி.எச். ஏறினால், ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தக டை ஆக்சைடும் பலமிழக்கிறது. விடியுமுன் பறிப்பதும், நொதிக்கும் முன்பே டார்டாரிக் அமிலம் சேர்ப்பதும் இதற்காகத்தான். நாள் தள்ளிப் பறித்த பழத்தை ஓக் சீவலாலும் மிச்சச் சர்க்கரையாலும் மூடி மறைப்பது ஒயின் செய்வது ஆகாது.

இத்தனைக்கும் பழத்தின் விலை பெரும்பாலும் எடையாலும் பிரிக்ஸாலும்தான் நிர்ணயமாகிறது, அமிலத்துக்கு அவ்வளவாக விலையில்லை. கவாத்துக் கூலியோ பல இடங்களில் கொடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கண் பார்த்து வெட்டுபவர் நாளுக்குக் குறைந்த கொடிகளையே முடிப்பார். பாராமல் வெட்டுபவருக்கு அவரைவிட அதிகம் கிடைக்கும். இந்தக் கணக்கு இருக்கும்வரை பழைய கைகள் விலகத்தான் செய்யும்.