நான்கு சக்கரங்களின் பிடி

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை. மகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி. உறைபனி படர்ந்த ஏற்றத்தில் எமது காரின் முன்சக்கரங்கள் வீணே சுழன்றன. நான்கு சக்கரங்களிலும் விசை பெறும் கார் ஒன்றோ அமைதியாக ஏறிச் சென்றது. காரை விட்டிறங்கி நடந்தோம்.

"அது எப்படி, அப்பா?" என்றாள்.

1961இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத்தில், ஈரத் தரையில், ஸ்டேர்லிங் மொஸ் அத்தகைய பெர்குசன் காரில் வென்ற கதையைச் சொன்னேன். எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களும் பகிர்ந்துகொள்வதால் எதுவும் எளிதில் வழுக்காது. 1969இல் லோட்டஸ், மக்லாரன் நிறுவனங்களும் முயன்று தோற்றன; அகன்ற டயர்களே போதிய பிடியை அளித்தமையால் மேலதிக எடைதான் மிஞ்சிற்று. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் உண்டாதலால், நிறுத்துவதில் அதற்குத் தனிச் சிறப்பில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

பள்ளியை அடைந்தபோது அவளுடைய முறை கடந்துவிட்டிருந்தது.