‘கொடு’ மட்டும் கேட்டவர்

ஒன்றைக் கோரும்போது நாம் தேரும் சொல், கோருபவரும் கோரப்படுபவரும் எந்தெந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறது. தொல்காப்பியர் இதை எச்சவியலில் வகுத்துரைக்கிறார்: தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் இரக்கும் சொல் ‘ஈ’, ஒத்தோரிடையே ‘தா’, உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது ‘கொடு’.

இன்றைய பேச்சுத் தமிழில் இவ்வேறுபாடு வினையடியிலிருந்து ஈற்றுக்கு நகர்ந்துவிட்டது: குடு, குடேன், குடுங்க, குடுப்பீங்களா. ‘அண்ணாச்சி’, ‘அக்கா’ என்னும் முறைச்சொல்லும் ‘கொஞ்சம்’ என்னும் சிறுசொல்லும் சேர்ந்தால் கோரிக்கையில் பணிவு நிறைந்துவிடும். ‘தயவுசெய்து’ பெரும்பாலும் அறிவிப்புப் பலகைக்கு உரியது.

பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாட்டின் மூன்று முதன்மைத் தரவுமொழிகளுள் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழும் ஒன்று. கோரப்படுபவரின் அதிகாரம், இருவருக்கும் இடையிலான தொலைவு, கோரிக்கையின் சுமை ஆகியவற்றை எடைபோட்டுப் பேசுபவர் ஒரு வடிவத்தைத் தேர்கிறார் என்பது அவர்கள் வாதம். அந்தத் ‘தேர்வு’ எல்லோருக்கும் வாய்க்கிறதா என்பதே என் ஐயம்.

தாராவியில் குடியேறிய என் தாயின் மொழி திருநெல்வேலித் தமிழ். மாட்டுங்காவில் அவர் வேலை செய்தவை தமிழ் வீடுகள். செம்பூரில் இந்தி பேசும் வீடுகளுக்குச் சென்றபின்தான் இந்தி கற்றார். அதுவும் தம்மை நோக்கி வந்த ஏவல்களிலிருந்து. ‘பானி தே’, ‘ஜாடூ லா’. இலக்கண நூலின் ‘தீஜியே’ இருக்கட்டும்; மும்பைத் தெருவில் குழைந்து ஒலிக்கும் ‘தேனா’வைக்கூட அவ்வீடுகளில் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

பின்னர் ஒரு மருத்துவமனைச் சீட்டுக் கவுண்டரில் ‘பையா, பர்ச்சீ தே’ என்றார். மரியாதை தெரியாதவர் என்று எழுத்தர் கடிந்துகொண்டார். ‘பையா’வுக்குள் என் தாய் வைத்திருந்த ‘அண்ணே’ அவருக்குக் கேட்கவில்லை. அதன்பின் மாத்திரை தீர்ந்தாலும், எனக்கு விடுமுறை கிடைக்கும்வரை என் தாய் காத்திருப்பார், தனியே செல்வதில்லை.

பல்கலைக்கழக மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்துத் தரவு திரட்டுவது நம் துறையில் பரவலான வழக்கம். அவர்களிடம் எல்லா வடிவங்களும் கைவசம் உண்டு. ஆகவே தேர்வும் உண்டு. புலம்பெயர்ந்த தொழிலாளர் ஒருவரின் கூற்றுக்கு ‘நேரடி ஏவல், பணிவு குறைவு’ எனக் குறியீடு இடும் முன், அம்மொழியை அவர் யார் வாயிலிருந்து கேட்டுக் கற்றார் என்பதையும் பதிவு செய்வோம். ‘கொடு’ என்பதை மட்டுமே கேட்டுப் பழகியவர் ‘கொடு’ என்றுதான் கேட்பார்.