ஒரு ஹலோவீன் இரவும் ரதி வேடமும்

நாற்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் எழுதாமல் விட்டவை பல. சிலவற்றை ஆசிரியபீடம் விடவில்லை. இதை எழுதவிடாதது என் கூச்சம்.

2004 ஒக்டோபரில் கனடாவுக்குப் போயிருந்தேன். கொழும்பில் என்னுடன் ஒரே மேசையில் செய்தி எழுதி, 1983க்குப் பின் புலம்பெயர்ந்த நண்பர்கள் நால்வர் ரொறன்ரோவில் இருந்தார்கள். 31ஆம் திகதி ஒருவர் வீட்டில் இராச் சாப்பாடு. வாசலில் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைத்திருந்தார்கள். பேயும் எலும்புக்கூடுமாக உடுத்த பிள்ளைகள் மிட்டாய் வாங்கிப் போனார்கள். அவர்களிற் பாதிப்பேர் நம் பிள்ளைகள். ஹலோவீன், அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்களின் பழைய இரவு. எங்கள் ஹட்டனின் பெயரே ஸ்கொட்லாந்துக் கிராமமொன்றின் பெயர். அங்கிருந்து வந்த துரைமார் எங்கள் மலைகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்களே தவிர, இந்த இரவை லயத்துப் பக்கம் கொண்டுவந்ததாக நானறியேன்.

சாப்பிட்டு முடிந்ததும், கோப்பிக் கடைக்குப் போய்வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஐவரும் காரில் ஏறினோம். கார் நின்றது ஒரு ஸ்ட்ரிப் கிளப் வாசலில்.

"வந்த இடத்தில இதையும் ஒருக்காப் பார்த்திட்டுப் போ மச்சான். ஊரில ஆருக்கும் சொல்லமாட்டம்" என்றான் ஒருவன்.

வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

உள்ளே பார்க்க வந்தவர்களிலும் பலர் முகமூடி அணிந்திருந்தார்கள். மேடையில் ஒரு பெண் சூனியக்காரித் தொப்பியோடும் கறுப்பு அங்கியோடும் ஏறினாள். பாட்டுக்குப் பாட்டு அவள் வேடம் குறைந்துகொண்டே போயிற்று. தொப்பியை மட்டும் கடைசிவரை கழற்றவில்லை. பக்கத்து மேசைக்காரன் ஒரு டொலர் நாணயத்தைச் சுண்டி எறிந்தான். அது அவள் தோளில் பட்டுத் தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டு முடிந்ததும் அவள் குனிந்து, சிதறிக் கிடந்த காசையெல்லாம் பொறுக்கி, தொப்பியைக் கவிழ்த்து அதற்குள் போட்டுக்கொண்டாள்.

என் சிரிப்பு எனக்கே பழக்கமானதாக இருந்தது. எங்கே சிரித்த சிரிப்பு என்று நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றினால், சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரியும் இரவுவரை ஆடுபவர்களுக்கு விரதம். எமன், வீரபத்திரன், குறத்தி, பபூன் என்று பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு வேடமாகத் தீப்பந்த வெளிச்சத்துக்கு வரும். தப்பு முழக்கத்தில் லயத்துக் கூரைத் தகரம் அதிரும். ரதி வேடம் என் சித்தப்பாவுக்கு. பகலில் கவ்வாத்து வெட்டும் மனிதர், இரவில் சேலையும் பூவுமாக வந்தால் என் அம்மாவே ஒரு கணம் தயங்கிப் பார்ப்பார். 1964இல் எனக்குப் பதினொரு வயது. ஹட்டன் பள்ளிக்கூடத்து நண்பர்கள் மூவரைக் கூத்துக்கு அழைத்து வந்திருந்தேன். மன்மதன் எரிந்தபின் ரதி பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்துக் கதறும் இடத்தில் அவர்களில் ஒருவன் விசிலடித்து ஐந்து சதக் காசொன்றை எறிந்தான். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுப் பெரட்டுக்குப் புறப்பட்டவர், "ஏன்டா தம்பி, ரதி அழுவுறப்ப ஊரே அழுதிச்சு. ஒனக்கு மட்டும் என்னாடா சிரிப்பு?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. அதற்குப் பின் அவர் ரதி கட்டவேயில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எழுபதுகளில் சித்தப்பா குடும்பத்தோடு தலைமன்னாருக்கு ரயிலேறினார். நீலகிரியில் மறுபடியும் தேயிலை; அங்கேயே காலமானார். நான் பதில் சொல்லவில்லை.

சூனியக்காரி எங்கள் மேசைக்கு வந்தாள். ருமேனியாவிலிருந்து வந்து எட்டு மாதமாம். பத்திரிகைக்காரப் புத்தி, கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். விடுதி அவளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அவள்தான் ஒவ்வொரு இரவும் மேடையேறுவதற்கு விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவனுக்குக் கடன் வேறு. எனக்குத் துண்டு முறை நினைவுக்கு வந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவென்று எழுதிய துண்டு; அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டம் அவனை விடும். அதை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

"நீ பொலிஸா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியென்றால் பேசும் நேரத்துக்கும் காசு" என்றாள். கொடுத்தேன்.

ஊர் திரும்பிக் கனடாப் பயணக் கட்டுரை எழுதினேன். நயாகரா வந்தது, கோயில்கள் வந்தன. அந்த இரவு வரவில்லை. நவம்பரில் கனடாவில் பெரும் சர்ச்சை வெடித்தது. குடிவரவு அமைச்சரின் தேர்தல் வேலையில் உதவிய ருமேனிய நடனப் பெண்ணொருத்திக்கு விசேட அனுமதி கிடைத்ததைப் பற்றிய சர்ச்சை அது. நடன விடுதிகளுக்கென்றே நூற்றுக்கணக்கான ருமேனியப் பெண்களுக்குத் தற்காலிக வேலை அனுமதி வழங்கப்பட்டதும் அதன்பின் பரவலாகப் பேசப்பட்டது. நான் காசு கொடுத்துக் கேட்ட செய்தியை மற்றவர்கள் எழுதியபின் படித்தேன்.

2005 மாசியில் தோட்டத்துக் கூத்துக்குப் போனேன். ரதி கட்டியவன் கொழும்பில் கடை வேலை செய்யும் பையன். விடுமுறை எடுத்து வந்து விரதமிருந்தானாம். நூறு ரூபாய் நோட்டொன்றை நீட்டினேன். உபயம் யார் பேரில் என்று சபைக்குச் சொல்ல, பபூன் காதைக் கொடுத்தான். சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன்.