கோட்டம்

எங்கள் வீட்டுப் புல்லட் 1974ஆம் ஆண்டினது, திருவொற்றியூரில் பிறந்தது. அப்பாவுக்குப் பின் அண்ணன் தம்பி நாங்கள் இருவருமாக ஓட்டிவருகிறோம். இவ்வாண்டு அக்காள் மகன் அதைக் கேட்டான். கொடுப்பதில் தடையில்லை, முன்பிரேக்கை நினைத்துத்தான் அச்சம்.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இன்றைய வண்டிகளில் பழகிய பிள்ளை பதற்றத்தில் வலக்காலை அழுத்தினால் மிதிபடுவது கியர்தான். அக்கணத்தில் அவனுக்கு மிஞ்சுவது வலக்கை விரல்களிலுள்ள முன்பிரேக் ஒன்றே. அதுவோ சக்கரம் சுற்றச் சுற்றக் கவ்வியும் நழுவியும் விரல்களில் நாடி போலத் துடித்துக்கொண்டிருந்தது. பிரேக்கைத் தொடாதபோது ஆட்டமில்லை. ஆகவே குற்றம் ரிம்மில் அன்று. வட்டமாயிருக்கவேண்டிய டிரம் முட்டைவடிவம் கொண்டுவிட்டிருந்தது.

டிஸ்க் பிரேக்குள்ள முன்ஃபோர்க்கை வாங்கி மாட்டிவிடும்படி மெக்கானிக் சொன்னார். நியாயமான யோசனைதான், டிஸ்க் நன்றாகவே பிடிக்கும். ஆயினும் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பாராமல் கழற்றியெறிய எங்களுக்கு மனம் வரவில்லை. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கேட்டோம்.

"டயரை மட்டும் கழட்டிட்டு, சக்கரத்தோட கொண்டாங்க. கம்பியப் பிரிச்சுட்டுக் கடைஞ்சா, திரும்ப முறுக்கறப்ப மறுபடியும் இழுத்துக்குமுங்க" என்றார்.

போக்ஸ் கம்பிகள் நாற்புறமும் ஹப்பை இழுத்தபடியே இருக்கின்றன. இழுப்பு சமமில்லையெனில் வார்ப்பிரும்பும் காலப்போக்கில் அதற்கு இணங்கிவிடும். எனவே முதலில் சைக்கிள் கடையொன்றில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தோம். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் ஆளும் சொல் கிரீஸ் படிந்த கைகளிடையே இன்னும் புழங்குகிறது; இதை எந்தத் தமிழாசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பத்தொன்பது அங்குல ரிம் சிறு லேத்துகளில் சுழலாது. படுக்கையில் பள்ளம் விட்ட பெரிய லேத்தில் ஏற்றி, டயல் கேஜை வைத்துச் சுழற்றினார்: கால் மில்லிமீட்டர் கோணல். முதல் கடைசலில் எதிரெதிரான இரு பிறைகள் மட்டும் பளபளத்தன. இடையே பழைய கருமை அப்படியே இருந்தது. அந்த இரு பிறைகளைக் கண்டபோதுதான் விரல்கள் உணர்ந்ததைக் கண்ணும் நம்பியது. மூன்றாம் கடைசலில் வளையம் முழுதும் வெளுத்தது.

டிரம் அகன்றதால் பழைய ஷூக்களின் வளைவு பொருந்தாது. தடித்த லைனிங் ஒட்டி, அதையும் டிரம்முக்கேற்பக் கடைந்து தந்தார். பழைய லைனிங் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். அக்காலத்தவற்றில் கல்நார் இருக்கும்.

நன்றாகப் பிடிக்கிறது, துடிப்பில்லை. டிரம்மின் சுவர் இன்னொரு கடைசலுக்குத் தாங்காது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மறுபடி துடித்தால் ஹப்பையே மாற்றவேண்டும். சாவியைக் கொடுக்கும்போது மருமகனிடம் அதையும் சொன்னோம். ஒரு மாதம் தெருவைத் தாண்டக் கூடாது என்றதற்குத்தான் முகம் சுளித்தான்.